பெரோவ்ஸ்கைட் படலம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஹாட் பிளேட்டிலிருந்து கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்துத் தூக்கிப் பார்க்கும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் படிகப் பொருள்தான் பெரோவ்ஸ்கைட். நல்ல பெரோவ்ஸ்கைட் படலம் கருகருவென்று, முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும். மேலே எரியும் விளக்கின் விளிம்பு அதில் கூர்மையாகத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆழ்ந்த செம்பழுப்பு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை ஒரே சீராகத் தெரியும். இதில் எது குறைந்தாலும் படலம் நமக்கு ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

2009இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாசாகாவின் குழு முதலில் செய்து காட்டிய பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் செல்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இடையில் எத்தனையோ புதுப் பொருள்கள் வந்தன. ஆனாலும் அந்தப் பயணத்தில் பெரிய பங்கு, அரை மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள ஒரு படலத்தை ஓட்டையில்லாமல் படியவைக்கக் கற்றுக்கொண்டதற்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். படலம் மோசமானதும் பலரும் புதுச் சேர்மானம் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் ஊற்றும் நேரம், சூடு, சுத்தம், எடை இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். நான் பார்த்த கெட்ட படலங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்குக்குள்ளேயே அடங்கிவிட்டன.

அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் செய்முறை

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான செய்முறை வேண்டும். பெரோவ்ஸ்கைட் வகைகளில் ஒன்றான மெத்தில் அமோனியம் ஈய அயோடைடுக்கு நான் கைவசம் வைத்திருப்பது 2015இல் தென் கொரிய ஆய்வாளர் நாம்-கியு பார்க்கின் குழு வெளியிட்ட முறை. ஈய அயோடைடு 461 மில்லிகிராம், மெத்தில் அமோனியம் அயோடைடு 159 மில்லிகிராம், டிஎம்எஸ்ஓ 78 மில்லிகிராம், டிஎம்எஃப் 600 மில்லிகிராம் (கடைசி இரண்டும் கரைப்பான்கள்). முதல் மூன்றும் ஆளுக்கு ஒரு மில்லிமோல், அதனால் கணக்கு மனசில் நிற்கும். கரைசலைக் கண்ணாடித் துண்டில் விட்டு, ஸ்பின் கோட்டரில் (துண்டைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் கருவி) நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் 25 நொடி சுற்று; படலம் கலங்கத் தொடங்குவதற்கு முன், 10ஆவது நொடி வாக்கில், 0.5 மில்லிலிட்டர் டை எத்தில் ஈதர் ஊற்று. 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கு. அவ்வளவுதான்.

இந்த ஈதர்தான் ஆன்டிசால்வென்ட். டிஎம்எஃப்புடன் கலக்கும், ஆனால் பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காது. ஊற்றியதும் டிஎம்எஃப்பைப் படலத்திலிருந்து உருவி எடுத்துவிடும். கரைசல் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் மிகைநிறைவு (தாங்கக்கூடியதைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலை) அடைந்து, கோடிக்கணக்கான படிகக் கருக்கள் ஒன்றாக முளைக்கும். கரு நிறைய முளைத்தால் இடைவெளி இருக்காது. குறைவாக முளைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே நீண்டு வளர்ந்து, நடுவில் வெற்றிடம் விட்டுவிடும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

வேலை தொடங்குமுன் ஒரு வார்த்தை. ஈயமும் டிஎம்எஸ்ஓவும் சேர்ந்த கரைசல் தோலில் பட்டால், டிஎம்எஸ்ஓ தோலைக் கடந்து போகும்போது கரைந்திருப்பதையும் உள்ளே இழுத்துப் போகும். சாதாரண நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் சீக்கிரமே ஊடுருவிவிடும். இரண்டு அடுக்காகப் போடுங்கள், ஒரு துளி பட்டாலும் உடனே கழற்றி மாற்றுங்கள்.

அறிகுறி: படலம் பால் ஊற்றியது போல மங்கலாக, சாம்பல் பூத்து வருகிறது

அதிகம் வருவது இதுதான். ஆரம்பத்தில் எல்லாரையும் சோர்ந்துபோக வைப்பதும் இதுதான்.

காரணம் பெரும்பாலும் ஊற்றும் நேரம். சுற்றிக்கொண்டிருக்கும் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். முதல் சில நொடிகள் கரைசல் வெளியே தெறிக்கும். அப்புறம் வானவில் போன்ற நிற வளையங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். திரவம் மெலிந்துகொண்டே வருவதுதான் அப்படித் தெரிகிறது. பிறகு வளையங்கள் ஓட்டம் குறைந்து கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்கும் சற்றுப் பின்னால், யாரும் எதுவும் ஊற்றாவிட்டால், மேற்பரப்பு தானாகவே வெண்மையாகக் கலங்கும். ஊற்ற வேண்டியது வளையம் அடங்குவதற்கும் கலங்குவதற்கும் இடையில் உள்ள அந்தச் சிறு சாளரத்தில்தான். மெத்தில் அமோனிய வகைகளில் அது சில நொடிகள்தான் இருக்கும். சீசியம், ஃபார்மமிடினியம் கலந்த வகைகளில் கொஞ்சம் தாராளம்.

தாமதமாக ஊற்றினால், ஏற்கெனவே முளைத்த ஊசிப் படிகங்கள் மேல்தான் ஆன்டிசால்வென்ட் விழும். சூடாக்கிய பிறகு படலம் சாம்பலாக, சொரசொரப்பாக இருக்கும். நுண்ணோக்கியில் வைக்கோல் பரப்பியது போல இழைகள் தெரியும். சீக்கிரம் ஊற்றினால் வேறு மாதிரி. படலத்தில் டிஎம்எஃப் இன்னும் நிறைய இருப்பதால் மிகைநிறைவு எட்டாது. ஊற்றிய திரவம் கரைசலோடு சேர்ந்து தெறித்துப் போய்விடும், மீதி தன் போக்கில் காயும். ஓரம் நன்றாகவும் நடு மங்கலாகவும் வந்தால் சீக்கிரம் ஊற்றிவிட்டோம் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். ஓரம்தான் முதலில் மெலிந்து காயும், நடு பின்தங்கும்.

சரி, நேரத்தை எப்படிப் பிடிப்பது? ஐந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் மாற்றாமல் 6, 8, 10, 12, 14ஆவது நொடிகளில் ஊற்றி, வரிசையாக அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே பளபளப்பு தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் உள்ள எண் இன்று நன்றாக வந்திருக்கலாம், நாளை அறை இரண்டு டிகிரி சூடானால் கைவிட்டுவிடும். இந்த ஐந்து துண்டுச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். புது ஆன்டிசால்வென்ட், புது வேகம், புது செறிவு என்று எது மாறினாலும் இதை மறுபடி செய்யத்தான் வேண்டும்.

ஊற்றும் வேகமும் கணக்கில் வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற ஆன்டிசால்வென்ட்டுகளைச் சட்டென்று ஊற்றினால்தான் நன்றாக வரும். மெசிட்டிலீனை நிதானமாக விட வேண்டும். குளோரோபென்சீன், அனிசோல் இரண்டும் எப்படி ஊற்றினாலும் பெரிதாக முகம் கோணாது. கை இன்னும் பழகாதவர்கள் குளோரோபென்சீனில் தொடங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

நேரம் சரியாக இருந்தும் மங்கல் விடவில்லை என்றால் டிஎம்எஸ்ஓ அளவைப் பாருங்கள். ஈய அயோடைடோடும் மெத்தில் அமோனியம் அயோடைடோடும் சேர்ந்து ஓர் இடைநிலைப் படலம் உண்டாக்கி, படிகமாவதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது டிஎம்எஸ்ஓதான். ஊற்றியவுடன் படலம் தெளிவாக, லேசான நிறத்தோடு நின்று, ஹாட் பிளேட்டில் வைத்த பிறகே கருத்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். சுற்றும்போதே அடர் பழுப்பாகிவிட்டால் டிஎம்எஸ்ஓ போதவில்லை. பாட்டில் பழையதாகி ஈரம் உறிஞ்சியிருந்தாலும் இந்தச் சமநிலை கெடும்.

அறிகுறி: நடுவில் வட்டம், பக்கத்தில் பிறை, ஆரம் ஆரமாகக் கோடுகள்

வடிவம் ஒழுங்காக இருந்தால் வேதியியலை விட்டுவிட்டுக் கையையும் கருவியையும் பாருங்கள்.

நடுவில் ஒரு சிறு வெளிறிய புள்ளி இருந்தால் ஆன்டிசால்வென்ட் ரொம்ப உயரத்திலிருந்தோ அதிக அழுத்தத்திலோ விழுந்து குத்தியிருக்கிறது. பிப்பெட் முனையை மேற்பரப்பிலிருந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறை வடிவம் வந்தால் மையத்தில் விழவில்லை. ஒரு பக்கம் மட்டும் நனைந்து, மறுபக்கம் தாமதித்திருக்கிறது. ஆரம் ஆரமான கோடுகள், ஒரே ஓட்டமாக விழ வேண்டியது துளித்துளியாக விழுந்ததைக் காட்டும். முனையில் காற்றுக் குமிழ் இருந்தாலே போதும், ஓட்டம் நடுவில் அறுந்துவிடும். ஈதர் போல சீக்கிரம் ஆவியாகும் திரவம் பிப்பெட்டிலேயே ஆவியாகித் தானாகச் சொட்டத் தொடங்கும். அதை ஒரு முறை உறிஞ்சி வெளியே விட்டு, உள்ளே ஆவி நிறைந்த பிறகு மறுபடி உறிஞ்சினால் அடங்கும்.

கண்ணாடியின் நடுவில் ஒரு வளையம், எந்தச் சப்ஸ்ட்ரேட்டிலும் அதே இடத்தில், அதே அளவில் தெரிகிறதா? அது ஸ்பின் கோட்டரின் வெற்றிடப் பிடிப்பான். ரப்பர் வளையம் தொடும் இடத்துக்கும் தொடாத இடத்துக்கும் வெப்பநிலை கொஞ்சம் வேறுபடும், அதுவே அச்சாகப் பதிகிறது. வெற்றிடத்தின் உறிஞ்சும் இழுப்பைத் தேவையான அளவுக்குக் குறைத்தாலோ தடித்த கண்ணாடி போட்டாலோ மறையும்.

கை நடுங்குகிறது, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது என்றால் நைட்ரஜன் வாயு முறைக்கு மாறலாம். ஆன்டிசால்வென்ட்டுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜனை நேர்க்குத்தாகப் பாய்ச்சினாலும் கரைப்பான் வேகமாகப் போய், அதே மிகைநிறைவு கிடைக்கும். பெரிய பரப்புக்கும் இதுதான் சரிப்படும்.

அறிகுறி: வால் நட்சத்திரம் போல வால் விட்ட புள்ளிகள்

ஒவ்வொரு வாலின் தலையிலும் ஒரு துகள் இருக்கும். கரைசலில் கரையாத தூள், அல்லது கண்ணாடியில் ஒட்டிய தூசு. கரைசலை 0.2 அல்லது 0.45 மைக்ரோமீட்டர் பிடிஎஃப்இ வடிகட்டியில் வடிகட்டுங்கள். டிஎம்எஃப் தாங்காத வடிகட்டி போட்டால் அதுவே கரைந்து கரைசலைக் கெடுத்துவிடும், இதைக் கவனிக்க வேண்டும். வடிகட்டிய பிறகும் வால் வந்தால், கரைசல் போடாமல் வெறும் கண்ணாடியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கீழ் அடுக்கிலேயே (பெரோவ்ஸ்கைட்டுக்கு அடியில், மின்னூட்டத்தைக் கடத்தப் போடும் அடுக்கு) துகள் இருக்கும்; கூழ்ம டின் ஆக்சைடு போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

அறிகுறி: கரைசல் பரவ மாட்டேன் என்கிறது, மூலைகளில் வழுக்கை

பிடிஏஏ மாதிரியான பாலிமர் அடுக்கின் மேல் கரைசல் விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீராக உருளும். அந்தப் பரப்புக்கு டிஎம்எஃப் பிடிப்பதில்லை. சுற்றத் தொடங்கியதும் கரைசல் மொத்தமாக ஒரு பக்கம் ஓடிவிடும். மிஞ்சிய இடத்தில் திட்டுத்திட்டாகப் படலம்.

முதலில் செய்ய வேண்டியது எளிது. சுற்றுவதற்கு முன் கரைசலை முழுப் பரப்பிலும், நான்கு மூலைகளையும் தொடும்படி பிப்பெட் முனையால் பரப்பிவிடுங்கள். முனை கண்ணாடியைக் கீறக்கூடாது. அது போதவில்லை என்றால், வெறும் டிஎம்எஃப்பை ஒரு முறை சுற்றிப் பரப்பை நனைத்துவிட்டு, அது முழுக்கக் காய்வதற்குள் பெரோவ்ஸ்கைட் கரைசலைப் போடலாம். மெல்லிய அலுமினா நானோ துகள் அடுக்கு ஒன்று போடுவதும் நன்றாக வேலை செய்கிறது. துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக மின் தொடர்பு கிடைத்துவிடும், பரப்போ நனையத் தொடங்கிவிடும்.

அடியில் இருப்பது ஐடிஓவும் (மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் பூச்சு) ஆக்சைடும் மட்டும் என்றால் சுத்தம் பற்றிய கேள்வி. சோப்புக் கரைசல், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசோனிக். அப்புறம் புற ஊதா ஒளியும் ஓசோனும் கொண்டு சுத்தம் செய்யும் யுவி ஓசோன் 15 நிமிடம். இதில் நழுவும் இடம் கடைசிதான். ஓசோனிலிருந்து எடுத்த பரப்பு நேரம் போகப் போகக் காற்றிலுள்ள கரிமப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். காலையில் ஓசோன் காட்டிவிட்டு மாலையில் பூசினால் பலன் பாதி போய்விடும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். குவியாமல் படர்ந்து தட்டையானால் பூசலாம்.

அறிகுறி: கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஊசித்துளைகள்

கைப்பேசி விளக்கைப் படலத்துக்குப் பின்னால் பிடியுங்கள். கருத்த படலத்தில் விண்மீன் போல வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அவை பெரிய துளைகள். அதைவிடச் சிறியவற்றுக்கு நுண்ணோக்கியில் கீழிருந்து ஒளி விட்டுப் பார்க்க வேண்டும். நூறு நானோமீட்டர் அளவில் இருப்பவை எலக்ட்ரான் நுண்ணோக்கியான எஸ்இஎம்மில்தான் தெரியும்.

துளை வழியாக மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றையொன்று தொடும். அங்கே மின்சாரம் குறுக்கே கசியும். மின்னோட்ட-மின்னழுத்த வளைகோட்டில் இதைப் படிக்கலாம்: பூஜ்ய மின்னழுத்தத்துக்கு அருகே கோடு தட்டையாக ஓடாமல் சரியும், ஃபில் ஃபேக்டர் (வளைகோடு எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்ற அளவு) விழும், இருட்டில் அளந்தாலும் சின்ன மின்னழுத்தத்திலேயே மின்னோட்டம் எகிறும்.

ஒரே பாணியில் வரும் துளைகளுக்கு இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, கரைசல் செறிவு குறைந்து படலம் மெலிந்துபோவது. 400 முதல் 600 நானோமீட்டர் வேண்டிய இடத்தில் 200 நின்றால் கீழ் அடுக்கின் மேடுகளையே அது மூடாது. இன்னொன்று, சூடு ஏறும் விதம். நேராக 100 டிகிரியில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய கரைப்பான் பிறகு வழி உடைத்துக்கொண்டு வெளியே வரும். 65 டிகிரியில் ஒரு நிமிடம் என்று மேலே சொன்ன படி இதற்கும் உதவுகிறது. அந்த ஒரு நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

துளை ஆங்காங்கே, கணக்கில்லாமல் வந்தால் அது தூசு. வடிகட்டிக்கும் சுத்தத்துக்கும் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: மஞ்சள் தெரிகிறது, அல்லது கருக்கவே மாட்டேன் என்கிறது

மஞ்சள் என்றதும் ஒரே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மூன்று வேறு விஷயங்கள் மஞ்சளாகத் தெரியும், மூன்றுக்கும் மருந்து வேறு.

எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி கையில் இருந்தால் பிரிப்பது சுலபம். வழக்கமான தாமிர எக்ஸ் கதிரில், பெரோவ்ஸ்கைட்டின் முதல் பெரிய உச்சி 14 டிகிரி கோணத்தின் பக்கம் நிற்கும். 12.7இல் உச்சி வந்தால் அது ஈய அயோடைடு. 11.8இல் வந்தால் ஃபார்மமிடினியம் ஈய அயோடைடின் மஞ்சள் அறுகோணக் கட்டம் (ஒரே பொருள் எடுக்கும் வேறொரு படிக அமைப்பு). 10க்குக் கீழே சிறு உச்சிகள் தெரிந்தால் டிஎம்எஸ்ஓ பிடித்துவைத்த இடைநிலை இன்னும் போகவில்லை, அதாவது சூடு போதவில்லை.

12.7 உச்சியைப் பார்த்ததும் பதற வேண்டாம். சிறிதளவு ஈய அயோடைடு படிக மணிகளின் எல்லைகளில் தங்கினால் குறைகளை மூடி நன்மையே செய்யும். வேண்டுமென்றே சில சதவீதம் அதிகம் சேர்ப்பவர்களும் உண்டு. 14 டிகிரி உச்சியோடு போட்டி போடும் அளவுக்கு உயர்ந்தால்தான் பிரச்சினை. அப்போது முதலில் சூட்டைக் கேளுங்கள்: அதிக நேரம் வைத்ததால் மெத்தில் அமோனியம் அயோடைடு பறந்துவிட்டதா? அடுத்தது எடை. 159 மில்லிகிராமில் 1.6 மில்லிகிராம் தவறினாலே ஒரு சதவீதம் போய்விடும், மெத்தில் அமோனியம் அயோடைடோ ஈரம் குடித்து எடை கூடும் பொருள். அதனால் சின்ன அளவில் கலப்பதை நான் தவிர்ப்பேன். ஈய அயோடைடைக் கொஞ்சம் அதிகமாகக் கரைத்து வைத்துக்கொண்டு, எடுத்த உப்பின் (மெத்தில் அமோனியம் அயோடைடு) எடை எவ்வளவோ அதற்கேற்ப அந்தக் கரைசலை அளந்து ஊற்றினால் விகிதம் நிற்கும். முதலில் ஈய அயோடைடு பூசி, பிறகு உப்புக் கரைசலில் மாற்றும் இரண்டு படி முறையில் மஞ்சள் வந்தால் கதை வேறு. அடிப் படலம் ரொம்ப இறுகலாக இருப்பதால் உப்பு ஆழம் வரை இறங்கவில்லை. கண்ணாடிப் பக்கமிருந்து பார்த்தால் மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

ஃபார்மமிடினியத்தின் மஞ்சள் கட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். கருப்புக் கட்டம் உண்டாக 150 டிகிரி வாக்கில் சூடாக்க வேண்டும். அறை வெப்பநிலையில் மஞ்சள் கட்டம்தான் நிலையானது என்பதால் ஈரக்காற்று பட்டால் அது மறுபடி தலைகாட்டும். சிறிது சீசியம் சேர்த்தால் கூடு சரியாகப் பொருந்தி, கருப்பு நிலைக்கும். மெத்தில் அமோனியம் குளோரைடு சேர்ப்பதும் கருப்புக் கட்டம் எளிதில் வரவும் படிக மணிகள் பெருக்கவும் உதவுகிறது. குளோரைடில் பெரும்பகுதி சூட்டில் வெளியேறிவிடும்.

மஞ்சளும் இல்லை, கருப்பும் இல்லை, வெளிறிய பழுப்பு என்று வந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சமயம் இரண்டு வாரம் எனக்கு எல்லாப் படலமும் இப்படியே வந்தது. உப்பைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், புதுப் பாட்டில் திறந்தேன். கடைசியில் வெப்பநிலை அளக்கும் ஒரு மெல்லிய தெர்மோகப்பிளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி ஹாட் பிளேட்டில் வைத்தேன். திரை 100 காட்டியது, துண்டின் மேல் 82. ஓரத்தில் வைத்தால் இன்னும் குறைவு. போதாததற்கு, துண்டின் அடியில் வழிந்து காய்ந்த ஒரு துளிக் கரைசல் மேடாக நின்று, கண்ணாடியைப் பலகையில் படியவிடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பூசியதும் அடிப்பக்கத்தைத் துடைக்காமல் ஹாட் பிளேட்டில் வைப்பதில்லை. திரையில் தெரியும் எண்ணையும் நம்புவதில்லை.

அறிகுறி: காலையில் நன்றாக வந்தது, மதியம் கெட்டுவிட்டது

செய்முறை அதே, ஆள் அதே, கரைசல் அதே. ஆனால் ஆறாவது துண்டிலிருந்து மங்கல். இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றில் இருக்கும், நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டியான க்ளவ் பாக்ஸுக்குள் இருந்தாலும்.

ஒவ்வொரு துண்டுக்கும் தெறித்த டிஎம்எஃப் ஸ்பின் கோட்டரின் கிண்ணத்தில் தேங்கும். அதன் ஆவி கிண்ணத்துக்குள் நிறைந்தால் அடுத்த படலம் மெதுவாகக் காயும். பத்தாவது நொடியில் இருந்த சாளரம் பன்னிரண்டுக்கு நகர்ந்துவிடும். நீங்கள் பத்திலேயே ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். கிண்ணத்துக்குள் அலுமினியத் தாள் விரித்து, மூன்று நான்கு துண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இடையில் க்ளவ் பாக்ஸைச் சில நிமிடம் புது நைட்ரஜனால் துப்புரவாக்குங்கள். ஆக்ஸிஜன், ஈரம் இரண்டும் ஒரு பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே என்று மானி காட்டும். கரைப்பான் ஆவியைப் பற்றி அந்த மானி வாய் திறக்காது. திறந்த அறையில் வேலை செய்பவர்களுக்கு ஈரப்பதமும் அறை வெப்பமும் இதே வேலையைச் செய்யும். ஒரு சிறு மானியை ஸ்பின் கோட்டர் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால் எந்த நாள் ஏன் கெட்டது என்று விளங்கும்.

கரைசலும் முதுமை அடையும். புதிதாக இருக்கும்போது பளிச்சென்ற மஞ்சள். நாள்பட்டால், ஆக்ஸிஜனும் ஒளியும் பட்டு அயோடைடு அயோடினாக மாற, ஆரஞ்சு கலந்து செம்பழுப்பை நோக்கிப் போகும். மெத்தில் அமோனியமும் ஃபார்மமிடினியமும் சேர்ந்திருக்கும் கரைசலில் இவை ஒன்றோடொன்று வினைபுரிந்து வேறு அயனியும் உண்டாகும், அது நிறத்தில் தெரியாது. குப்பி மூடியில் தேதியும் நேரமும் எழுதி, புதுக் கரைசல் படலத்தோடு ஒப்பிட்டு உங்கள் கலவை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒரு முறை கண்டுபிடித்துவிடுங்கள்.

அறிகுறி: படலம் அழகாக இருக்கிறது, செல் மட்டும் மோசம்

முதலில் துண்டைத் திருப்பிப் பிடியுங்கள். மேல்பக்கம் பளபளப்பாகவும், கண்ணாடிப் பக்கம் மங்கிய திட்டுகளாகவும் தெரிந்தால் அடியில் வெற்றிடங்கள் இருக்கின்றன. மேலே இறுகிய பிறகு அடியில் மாட்டிய டிஎம்எஸ்ஓ மெல்ல வெளியேறி விட்டுப்போன பள்ளங்கள் அவை. மேலிருந்து எடுக்கும் எஸ்இஎம் படத்தில் இது தெரியவே தெரியாது. குறுக்குவெட்டு எடுக்க வேண்டும். டிஎம்எஸ்ஓவைக் குறைப்பதும், சூட்டைப் படிப்படியாக ஏற்றுவதும் உதவும்.

அடியும் நன்றாக இருந்தால் ஒளிர்வை (ஒளி பட்டதும் படலம் திரும்ப உமிழும் ஒளி) வைத்துப் பிரிக்கலாம். ஒரே கரைசலை வெறும் கண்ணாடியில் ஒரு துண்டு, கடத்து அடுக்கின் மேல் ஒரு துண்டு, இரண்டு அடுக்கும் உள்ள முழு அமைப்பில் ஒரு துண்டு பூசுங்கள். வெறும் கண்ணாடியிலேயே ஒளிர்வு மங்கினால் படலத்தின் உள்ளேயே குறை இருக்கிறது. விகிதமும் சூடும் பார்க்கலாம். வெறும் கண்ணாடியில் பிரகாசமாக இருந்து, அடுக்கின் மேல் பூசியதும் அணைந்து, செல்லின் திறந்த சுற்று மின்னழுத்தமும் குறைவாக இருந்தால் இடைமுகத்தில் மின்னூட்டங்கள் வீணாகின்றன. அப்போது படலத்தை எத்தனை மெருகேற்றினாலும் மின்னழுத்தம் ஏறாது, இடைமுகத்துக்குத்தான் மருந்து.

படிக மணியின் அளவைப் பற்றி ஒன்று. பெரிய மணிகள் தெரியும் எஸ்இஎம் படம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இருநூறு முந்நூறு நானோமீட்டர் மணிகளோடு துளையில்லாமல் இறுக அடுக்கிய படலமே நல்ல செல் தரும். மணியைப் பெருக்கப் போய் நடுவே இடைவெளி விழுந்தால் நட்டம்தான். படத்தில் மணி அளவைவிட அவை சேரும் இடங்களை நான் அதிக நேரம் பார்க்கிறேன்.

அறிகுறி: நாள் போகப் போக வெளுக்கிறது

ஓரத்திலிருந்து மஞ்சள் உள்ளே வந்தால் ஈரம் புகுகிறது. மூடும் பசையையும் விளிம்பையும் பாருங்கள். முழுப் பரப்பும் ஒரே சீராக மஞ்சளானால் வெப்பம். மெத்தில் அமோனிய வகை 85 டிகிரியிலேயே மெதுவாகச் சிதையும், ஈரம் துளியும் இல்லாவிட்டாலும். சூட்டைத் தாங்க வேண்டும் என்றால் ஃபார்மமிடினியம், சீசியம் பக்கம் போக வேண்டும். ஈரம் பட்டு நிறமிழந்த மெத்தில் அமோனியப் படலம், உலர் நைட்ரஜனில் வைத்ததும் மறுபடி கருத்தால் அது நீரேற்றம் மட்டும், சிதைவு இன்னும் தொடங்கவில்லை. ஆனால் பழைய மணி அமைப்பு அப்படியே திரும்பியிருக்காது என்பதால் அந்தத் துண்டில் நான் செல் போட மாட்டேன்.

புரோமைடு கலந்த படலத்தில் நிறம் மாறாமலே மின்னழுத்தம் குறைகிறதா? வெளிச்சத்தில் வைத்து ஒளிர்வை அளவெடுங்கள். உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்து, இருட்டில் வைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால், அயோடைடும் புரோமைடும் வெளிச்சத்தில் தனித்தனியே பிரிந்துகொள்கின்றன. 2015இல் ஹோக் முதலானோர் பதிவு செய்த விளைவு இது. புரோமைடு பங்கைக் குறையுங்கள். அதே பட்டை இடைவெளி (எந்த நிற ஒளி வரை உறிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் அளவு) வேண்டுமென்றால் சீசியத்தைக் கூட்டி ஈடுசெய்து, அந்தப் புதுக் கலவைக்கும் ஐந்து துண்டுச் சோதனையை முதல் நொடியிலிருந்து செய்யுங்கள்.